பாதி காலியான இடம்

அச்சகத்திலிருந்து வந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான். கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில், ஓர் அணுவுக்கும் அதைச் சூழ்ந்துள்ள ஆக்சிஜனுக்கும் இடையிலான தூரம் 1.96 ஆங்ஸ்ட்ராம் என்று எழுதப்பட்டிருக்கிறது. அடுத்த பக்கத்து அட்டவணையில் அதே தூரம் 1.76 என்று இருக்கிறது. எது சரி என்று நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும். கேட்டவருக்கு வேதியியல் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. இரண்டு எண்கள் ஒத்துப்போகவில்லை, அவ்வளவுதான். மெய்ப்புப் பார்க்கிற ஒருவரின் நிதானமான, யாரையும் குற்றம் சொல்லாத கேள்வி.

அவன் அதைப் படித்துவிட்டுத் தன் கவனக்குறைவை எண்ணிச் சிரித்துக்கொண்டான். ஐந்து நிமிட வேலை என்று நினைத்தான்.

ஆய்வு நிலையத்தின் கீழ்த்தளத்தில், சன்னல் இல்லாத அறையில், எக்ஸ்-கதிர்க் கருவியின் முன்னால் பதினாறு ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவன் அவன். உப்புக்கல்லில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத படிகத்தைக் கண்ணாடி இழையின் நுனியில் ஒட்டி, அதன்மீது கதிரைப் பாய்ச்சினால், திரையில் ஆயிரக்கணக்கான புள்ளிகள் விழும். அந்தப் புள்ளிகள் எங்கே விழுகின்றன, எவ்வளவு பொலிவாக விழுகின்றன என்பதை வைத்து, படிகத்துக்குள் எந்த அணு எங்கே குடியிருக்கிறது என்று கண்டுசொல்வது அவன் தொழில். அதனால் கட்டடம் முழுக்க அவன் பெயர் ‘புள்ளி சார்’. மூன்றாம் தளத்தில் உலைகளோடு மல்லுக்கட்டும் அவன் மனைவியின் பெயர் ‘அடுப்பு மேடம்’. வைத்தவர்கள் கேலியாகத்தான் வைத்தார்கள்; அவள் அதைப் பதக்கம்போல் குத்திக்கொண்டு நடமாடினாள். தொலைபேசியை எடுத்தால்கூட “அடுப்பு பேசுது” என்பாள்.

அவள் நான்கு ஆண்டு உழைத்துச் செய்த பொருள்தான் அந்தக் கட்டுரை. பேரியம், இட்ரியம், கோபால்ட் ஆகிய மூன்று உலோகங்களும் ஆக்சிஜனும் சேர்ந்த ஒரு புதிய கலப்பு ஆக்ஸைடு. பொடிகளை நிறுத்து, அரைத்து, வெண்பீங்கான் கிண்ணத்தில் இட்டு, ஆயிரத்து நூறு டிகிரி வரை கொண்டுபோய், மணிக்கு இரண்டு டிகிரியாக ஆறவைத்து, கிண்ணத்தின் அடியிலிருந்து ஊசிமுனையால் அவள் கிளறி எடுத்த கரிய தகடுகள். அவற்றின் உள்ளமைப்பைக் கண்டவன் அவன். அந்த அமைப்பில் ஒரு விந்தை இருந்தது. கோபால்ட் அமர வேண்டிய இடங்களில் ஒரு வகை பாதிக்கு மேல் காலியாக இருந்தது: நூற்றுக்கு நாற்பத்தெட்டில் அணு உண்டு, மீதியில் ஒன்றுமில்லை. அவ்வளவு ஓட்டையோடு ஒரு படிகம் இடிந்து விழாமல் நிற்கிறது என்பதே செய்தி. ஆய்விதழ் அதை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டது. நிலையத்தின் இயக்குநர் போகிற இடமெல்லாம் அதையே பேசினார்.

அவளுடைய ஐந்தாண்டு நியமனம் அந்த மாதத்தோடு முடிகிறது. அதை நிரந்தரமாக்கித் தனி ஆய்வுக்கூடம் தருவதா, அல்லது அவளைப் பெரிய பிரிவு ஒன்றில் கரைத்துவிடுவதா என்று முடிவெடுக்கும் குழு பன்னிரண்டு நாளில் கூடவிருந்தது. கையில் அவளுக்கு இருந்தது இந்த ஒரு கட்டுரைதான்.

கணினியில் பழைய கோப்பைத் திறந்தான். 1.76 என்பதுதான் அளவீடு. அட்டவணை சரி. அப்படியானால் கட்டுரையில் 1.96 எப்படி வந்தது? எழுதியவன் அவன்தான். யோசிக்க யோசிக்கப் பிடிபட்டது. கோபால்ட்டுக்கும் ஆக்சிஜனுக்கும் அத்தகைய இடத்தில் இருக்க வேண்டிய தூரம் 1.96-ஐ ஒட்டித்தான். பதினாறு ஆண்டுகளில் அந்த எண்ணை எத்தனையோ முறை எழுதிய கை, பார்த்ததை எழுதாமல் பழகியதை எழுதியிருக்கிறது. அளவீடு ஒன்றைச் சொல்ல, கை வேறொன்றைச் சொல்லியிருக்கிறது. கை சொன்னது கோபால்ட். அளவீடு சொன்னது?

1.76 என்பது கோபால்ட்டுக்கு மிகவும் குறுகலான தூரம். அதை அவன் அப்போதே கவனித்திருந்தான். மின்னேற்றம் கூடிய கோபால்ட் என்று ஒரு வரி எழுதிச் சமாதானம் சொல்லியிருந்தான். அந்த மின்னேற்றத்தைச் சரிக்கட்ட மற்ற இடத்துக் கோபால்ட்டின் கணக்கையும் கொஞ்சம் அசைத்திருந்தான். ஒரு முட்டுக்கு இன்னொரு முட்டு. ஒவ்வொன்றும் தனித்தனியே பார்த்தால் நியாயமானதுதான்.

கதிருக்கு அணுக்களின் பெயர் தெரியாது. எலக்ட்ரான்களின் திரள் மட்டுமே அதற்குத் தெரியும். அவன் மேசைமீது கிடந்த காகிதத்தின் ஓரத்தில் ஒரு பெருக்கலைப் போட்டான். கோபால்ட்டுக்கு இருபத்தேழு எலக்ட்ரான்கள். அதில் நூற்றுக்கு நாற்பத்தெட்டு. பன்னிரண்டே முக்காலையும் தாண்டி, ஏறக்குறையப் பதின்மூன்று.

பதின்மூன்று என்பது அலுமினியம்.

அலுமினியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் உள்ள தூரம் 1.76. கிண்ணம் அலுமினாவால், அதாவது அலுமினியமும் ஆக்சிஜனும் சேர்ந்த பீங்கானால் ஆனது. பேரியம் உருகிய நிலையில் அலுமினாவை அரிக்கும் என்பது முதலாண்டு மாணவருக்கும் தெரியும். அந்த இடம் காலியாக இல்லை. அங்கே முழுசாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். அவனைப் பாதி கோபால்ட் என்று இவன் எழுதிவிட்டான்.

கணினி மாதிரியில் கோபால்ட்டை எடுத்துவிட்டு அலுமினியத்தை வைத்துக் கணக்கை ஓடவிட்டான். நான்கு நிமிடம் ஆயிற்று. அளவீட்டுக்கும் மாதிரிக்கும் உள்ள வேறுபாடு நூற்றுக்கு ஐந்தே முக்காலிலிருந்து இரண்டே முக்காலுக்கு இறங்கியது. ஆறு மாதமாக அவன் கண்ணை உறுத்திக்கொண்டிருந்த சின்னச் சின்ன மிச்சங்கள் எல்லாம் ஒரே நொடியில் அடங்கிப்போயின. மோசமான செய்தி இவ்வளவு அழகாக வந்து அவன் பார்த்ததில்லை.

இன்னும் ஒன்று நினைவுக்கு வந்தது. படிகத்தில் என்னென்ன தனிமங்கள் இருக்கின்றன என்று மின்னணு நுண்ணோக்கியில் சோதித்தபோது, வரைபடத்தில் அலுமினியத்துக்கு உயரமான ஒரு கூர்முகடு எழுந்தது. அது என்ன என்று அவள் மேலேயிருந்து தொலைபேசியில் கேட்டாள். படிகத்தை ஒட்டுகிற வட்டுத்தகடே அலுமினியத்தால் ஆனது. அந்தக் கூர்முகடு எல்லா வரைபடத்திலும் எழும். எல்லோரும் அதை அடித்துவிட்டுத்தான் மேலே படிப்பார்கள். “அது தட்டோட அலுமினியம்மா, விட்டுத் தள்ளு” என்று சொன்னவன் அவன். அவள் விட்டுத் தள்ளினாள்.

அன்று பிற்பகலில் அவன் அச்சகத்துக்குப் பதில் எழுதினான். 1.76 என்பதே சரி, கட்டுரையில் திருத்திக்கொள்ளவும், நன்றி. அனுப்பிய பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவனுக்கே உறைத்தது. எண்ணைத் திருத்திவிட்டு அணுவை அப்படியே விட்டிருந்தான்.

வீட்டில் மூவர். அவன், மனைவி, அவனுடைய தங்கை. தங்கை மருத்துவமனையில் நர்ஸ். வேலை முடித்து வருகிற நேரத்தைப் பொறுத்து அவளுக்கு வீட்டில் காலையும் மாலையும் மாறிமாறி வரும். அன்று மாலை மூவரும் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி ஓர் உறையின் பின்பக்கத்தில் வரைந்துகொண்டிருந்தாள். தனி அறை கிடைத்தால் உலைகளை எங்கெங்கே வைப்பது என்கிற வரைபடம். சுவரிலிருந்து இரண்டடி தள்ளி ஒன்று, சன்னலோரம் ஒன்று, நடுவில் குழாய் உலை.

“அண்ணி, அங்க மூணு ஃபர்னஸ். இங்க ஒரே ஸ்டவ். அதுலயும் ஒரு பர்னர் எரியறதில்ல” என்றாள் தங்கை. “குழுகிட்ட சொல்லி நாலாவதா அதையும் சேர்த்து எழுதிக்கோங்க.”

“அதை உங்க அண்ணன்கிட்ட சொல்லு. அவருக்குத்தான் சின்னச் சின்ன ஓட்டையெல்லாம் கண்ணுக்குத் தெரியும்” என்றாள் மனைவி.

இருவரும் சிரித்தார்கள். அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தான். உப்பு வேண்டும் என்று சொன்னான்.

அடுத்து வந்த நாட்களில் அவன் தனக்குத்தானே நிறைய நியாயங்கள் சொல்லிக்கொண்டான். பொருள் புதியதுதான்; அலுமினியத்தோடு சேர்த்துப் பார்த்தாலும் இதுவரை யாரும் செய்யாததுதான். ஓட்டைகள் இல்லை என்பது மட்டுமே வித்தியாசம். ஆனால் ஓட்டைகள் இல்லையென்றால் அது செய்தி அல்ல; ஏற்கெனவே தெரிந்த ஒரு பெரிய குடும்பத்தில் இன்னுமொரு சித்தப்பா மகன், அவ்வளவே. குழு கூடி முடியட்டும், பிறகு திருத்தக் குறிப்பு ஒன்று அனுப்பிக்கொள்ளலாம், எத்தனையோ பேர் அப்படிச் செய்கிறார்கள் என்றும் சொல்லிப் பார்த்தான். மேல்தளத்துக்குப் போவதை நிறுத்திக்கொண்டான். படிக்கட்டில் அவள் எதிர்ப்பட்டால் கையில் இருக்கும் தாளைப் படிக்கிறவன்போல் தலையைக் குனிந்துகொண்டான். வீட்டில், அவள் குழுவின் முன் பேசப்போவதைப் பழகிப் பார்க்கும்போதெல்லாம் அவனுக்குப் பக்கத்து அறையில் ஏதாவது வேலை வந்துவிடும்.

ஒன்பதாம் நாள் காலை, மனைவி சீக்கிரமே கிளம்பிப் போயிருந்தாள். தங்கை அப்போதுதான் வேலை முடிந்து வந்து, காலணியைக் கழற்றாமலே நாற்காலியில் சாய்ந்திருந்தாள். அவன் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். அவள் கண்ணை மூடியபடியே பேசினாள்.

“வார்டுல பேஷண்டோட வீட்டுக்காரங்க முதல்ல எங்க முகத்தைத்தான் பார்ப்பாங்க. ரிப்போர்ட்டை அப்புறந்தான் பார்ப்பாங்க. உன் முகத்துல ரிப்போர்ட் வந்து ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு அண்ணா. யாருக்குன்னுதான் தெரியல.”

அவன் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தான். “அண்ணிக்கு.”

அவள் கண்ணைத் திறந்தாள். “உடம்புக்கா?”

“இல்ல. வேலைக்கு.”

அவன் சொல்லத் தொடங்கினான். கிண்ணம், அலுமினா என்று நான்கு வார்த்தை போவதற்குள் அவள் கையை உயர்த்தி நிறுத்திவிட்டாள்.

“என்கிட்ட சொல்லி ஒத்திகை பார்க்காத. எனக்கு ஒண்ணும் புரியப்போறதில்ல, உனக்கும் சொல்லிட்டோம்னு ஒரு நிம்மதி வந்துடும். அண்ணிகிட்ட போய்ச் சொல்லு. நின்னுக்கிட்டு சொல்லாத, உட்கார்ந்து சொல்லு. ‘ஆனா’ன்னு எதையும் சேர்க்காத.”

மூன்றாம் தளத்து உலை அறையில் எப்போதும் ஒரு வறண்ட வெப்பம் இருக்கும். உள்ளே போனதும் உதடு காயும். மனைவி தண்ணீர்த் தொட்டியருகே கைக்குட்டையால் தலையைக் கட்டிக்கொண்டு கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். அவனைப் பார்த்ததும், பாதாள லோகத்திலிருந்து யார் வந்திருக்கிறார்கள் பாருங்கள் என்று யாருமில்லாத அறையைப் பார்த்துச் சொன்னாள். அவன் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். தங்கை சொன்னபடியே, ‘ஆனால்’ எதையும் சேர்க்காமல், பாதி காலியான இடம் காலி இல்லை, அங்கே முழு அலுமினியம் இருக்கிறது, அது கிண்ணத்திலிருந்து வந்திருக்கிறது என்று சொன்னான். எண்களைச் சொன்னான். நுண்ணோக்கி வரைபடத்தில் அலுமினியத்தை அடிக்கச் சொன்னவன் தான்தான் என்பதையும் சொன்னான்.

அவள் குழாயை மூடினாள். கழுவி வைத்திருந்தவற்றில் ஒரு கிண்ணத்தை எடுத்துத் துணியில் சுற்றி, தரையில் வைத்து, சுத்தியலால் ஒரே அடி அடித்தாள். துணியைப் பிரித்து ஒரு துண்டை விளக்கருகே கொண்டுபோய் முறிந்த விளிம்பைப் பார்த்தாள். வெளிப்புறம் வெள்ளை. உட்புறத்திலிருந்து சுவரின் பாதி தடிமன் வரை, மை உறிஞ்சிய தாள்போல், ஆழ்ந்த நீலம் ஊறியிருந்தது.

“பாரு” என்று அவனிடம் நீட்டினாள்.

அவன் வாங்கிப் பார்த்தான். கோபால்ட்டும் அலுமினாவும் சூட்டில் கூடினால் பிறக்கிற நீலம் அது. மண்பாண்டங்களில் பூசுகிற அதே நிறம். கோபால்ட் சுவருக்குள் போயிருந்தால், சுவர் கோபால்ட்டுக்குள் போகாமல் இருந்திருக்குமா?

“நாலு வருஷமா இந்த நீலத்தை அமிலம் போட்டு, பிரஷ் போட்டுத் தேய்ச்சுக்கிட்டிருக்கேன்” என்றாள். “போகவே மாட்டேங்குதேன்னு திட்டிக்கிட்டே தேய்ச்சேன். இது என்ன நிறம்னு என்னைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனா யாரும் கேட்கல. நானும் கேட்டுக்கல.”

அவள் குரலில் அழுகை இல்லை. அவனுக்கு அது ஆறுதலாக இருந்தது; தவறு இருவருக்கும் பொதுவாகிவிட்டதுபோல் ஒரு கணம் தோன்றியது. அந்தக் கணத்தில்தான் அவள் கேட்டாள்.

“எப்ப தெரிஞ்சுது?”

“போன வாரம். ப்ரூஃப்ல ஒரு கேள்வி வந்திச்சில்ல, அன்னைக்கு.”

அவள் மனத்துக்குள் நாட்களை எண்ணினாள். “ஒன்பது நாள். ப்ரூஃப்?”

“அனுப்பிட்டேன்.”

“தெரியறதுக்கு முன்னாடியா, தெரிஞ்சப்புறமா?”

“தெரிஞ்சப்புறம்.”

உலை ஒன்று தன் வெப்பத்தைத் திருத்திக்கொள்ளக் கட்டென்று ஒலித்து அடங்கியது. அவள் தலையில் கட்டியிருந்த கைக்குட்டையை அவிழ்த்துக் கைகளைத் துடைத்துக்கொண்டாள், விரல் விரலாக.

“குழு முடியட்டும்னு நினைச்சேன்” என்றான். “உனக்கு அந்த அறை கிடைச்சிடட்டும்னு.”

“கிடைச்சப்புறம் வந்து சொல்லியிருப்பியா? இல்ல, சொல்லாமலே இருந்திருப்பியா?”

“தெரியல” என்றான்.

“அலுமினியம் பண்ணினது அலுமினியத்தோட குணம். அதை நான் கோவிச்சுக்க முடியாது. நான் கண்ணால பார்க்க முடியாததை எனக்காகப் பார்க்கிற ஆள் நீ. நீ என்ன பார்த்தேன்னு நீ சொன்னாத்தான் எனக்குத் தெரியும். வேற வழியே எனக்கு இல்ல.” கிண்ணத்துண்டை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “எனக்கு நல்லது பண்றதா நினைச்சு ஒன்பது நாள் என்னைக் குருடாக்கிட்ட.”

அவன் பதில் சொல்ல வாய் திறந்தான். அவள் அதற்குள் மேசைக்குப் போய்விட்டாள். ஆய்விதழ் ஆசிரியருக்கு அவளே கடிதம் எழுதினாள், பதினோரு வரி. கட்டுரையின் மையக் கூற்று தவறு. இன்னின்ன காரணத்தால் இன்ன அணுவை இன்னதென்று பிழையாகக் கண்டோம். அச்சேறுமுன் திரும்பப் பெற்றுக்கொள்கிறோம். ‘கண்டோம்’ என்றே பன்மையில் எழுதியிருந்தாள். அவன் ‘கண்டேன்’ என்று மாற்றச் சொன்னான். கட்டுரை இருவர் பெயரிலும் போயிருக்கிறது, கையெழுத்தைப் போடு என்றாள். போட்டான். ஆசிரியரிடமிருந்து மறுநாளே இரண்டு வரிப் பதில் வந்தது: வருந்துகிறோம், நேர்மைக்கு நன்றி. மூன்றாவதாக ஒரு வரி இருக்கலாகாதா என்று அவன் அதைப் பலமுறை உருட்டிப் பார்த்தான்.

குழு கூட மூன்று நாளே இருந்தது. பகுப்பாய்வுப் பிரிவிலிருந்து அவள் பிளாட்டினக் கிண்ணம் ஒன்றை இரவல் வாங்கினாள். அதில் அலுமினியம் என்கிற பேச்சுக்கே இடமில்லை. மெதுவாக ஆறவைத்துப் படிகம் வளர்க்க நேரம் போதாது. ஆகவே பழைய நிறைகளையே நிறுத்துச் சூடேற்றி, சட்டென்று ஆறவைத்து, பொடியாக எடுத்தாள். இரண்டு முறை. பொடியைச் சோதிக்க வேறொரு பிரிவுக்காரரிடம் கொடுத்தாள், அவனிடம் கொடுக்கவில்லை. இரண்டிலும் அந்தப் புதிய பொருளின் சுவடே இல்லை. புத்தகத்தில் ஏற்கெனவே உள்ள இரண்டு ஆக்ஸைடுகளின் சாம்பல்நிறக் கலவைதான். கிண்ணம் தன் உடம்பிலிருந்து அள்ளிக் கொடுக்காவிட்டால் அந்தப் பொருள் இவ்வுலகில் பிறந்தே இருக்காது.

குழு ஒரு நீளமான அறையில் கூடியது. சுவரில் பழைய இயக்குநர்களின் படங்கள், மேசைமீது குடிக்கப்படாத தண்ணீர்க் குப்பிகள். கட்டுரையின் இணை ஆசிரியன் என்பதால் அவனையும் கடைசி வரிசையில் உட்காரச் சொன்னார்கள். அவள் பழகிவைத்திருந்த உரையைப் பேசவில்லை. முதல் வாக்கியத்திலேயே கட்டுரையைத் திரும்பப் பெற்றதைச் சொன்னாள். பிறகு நடந்ததை வரிசையாகச் சொன்னாள். நீலத் துண்டைச் சுற்றுக்கு விட்டாள். ஒவ்வொருவரும் அதை வாங்கிப் பார்த்துவிட்டு, சுட்டுவிடுமோ என்பதுபோல் சீக்கிரம் பக்கத்தில் தள்ளினார்கள். வெளியூரிலிருந்து வந்த உறுப்பினர் ஒருவர், சமைத்தது சட்டியையே தின்றுவிட்டதா என்று கேட்டார். கொஞ்சம் சிரிப்பு எழுந்தது. ஆமாம், தின்று செரித்தும்விட்டது, செரித்ததைத்தான் நான் புதுச் சமையல் என்று பரிமாறினேன் என்றாள் அவள். சிரிப்பு நின்றுவிட்டது.

இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, இதை முதலில் கண்டுபிடித்தது யார் என்று கேட்டார். அவன் பின்வரிசையில் எழ முற்பட்டான். அவள் திரும்பிப் பார்க்காமலே, என் கணவர் என்றாள். எப்போது என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள் என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். பொய் சொல்லியிருக்க மாட்டாள். அவர் கேட்காமல் விட்டது அவனுக்குக் கிடைத்த மன்னிப்பு அல்ல என்பதும் தெரிந்தது. யாரும் கேளாததால் எழாமல் போன இன்னொரு கேள்வி, அவ்வளவே.

முடிவு மறுநாள் வந்தது. தனி ஆய்வுக்கூடம் இல்லை. ஓராண்டு நீட்டிப்பு, பொது அறையில் ஒரே ஓர் உலை, ஆண்டு முடிவில் மீண்டும் பரிசீலனை. வீட்டில் தங்கை கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்துவிட்டு, ஐசியூவிலிருந்து வார்டுக்கு மாற்றியிருக்கிறார்கள், வீட்டுக்கு அனுப்பவில்லை என்று விளக்கம் சொன்னாள். மனைவி அதற்குச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைத் தன் பக்கமும் திருப்புவாள் என்று அவன் காத்திருந்தான்.

அதன்பிறகு ஐந்து வாரம் வீட்டில் பேச்சு நின்றுவிடவில்லை. எரியாத பர்னரைச் சரிசெய்ய ஆள் வந்ததும், தங்கையின் வேலைநேரம் மாறியதும், தண்ணீர்த் தொட்டி கசிந்ததும் எல்லாம் பேசப்பட்டன. பழைய பரிவும் குறையவில்லை. அவனுக்கு இருமல் வந்தபோது வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் அவள்தான். வேலையைப் பற்றி மட்டும் அவள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. காலையில் எதை நிறுத்தாள், எவ்வளவு சூடேற்றினாள், என்ன நிறத்தில் வந்தது என்று பதினோரு ஆண்டுகளாக அவன் காதில் விழுந்துகொண்டிருந்த பேச்சு. அது இல்லாத வீட்டில் கடிகாரம்கூடச் சத்தமாக ஓடியது. அவனும் கேட்கவில்லை. கேட்கும் உரிமையை அந்த ஒன்பது நாளில் செலவழித்துவிட்டதாக அவனுக்குத் தோன்றியது.

ஆறாம் வாரம் ஒரு முற்பகலில் அவள் கீழ்த்தளத்துக்கு வந்தாள். மூன்று சிறிய கண்ணாடிக் குப்பிகளை அவன் மேசையில் வைத்தாள். இத்தனை காலமும் அவள் தரும் குப்பிகளில் அவள் கையெழுத்தில் பொருளின் வேதி வாய்பாடு எழுதியிருக்கும். எதிர்பார்ப்பது இது என்று அடியில் ஒரு கோடும் இருக்கும். அவனும் அந்த வாய்பாட்டிலிருந்துதான் கணக்கைத் தொடங்குவான். இந்தக் குப்பிகளில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்கள் மட்டுமே இருந்தன.

“எல்லாம் பிளாட்டினத்துல வளர்த்தது. எதுல என்ன போட்டேன்னு சொல்லமாட்டேன். எது வந்தா எனக்குப் பிடிக்கும்னும் சொல்லமாட்டேன்” என்றாள். “உள்ள என்ன இருக்குன்னு நீ சொல்லு.”

ஆறு நாள் எடுத்துக்கொண்டான். வழக்கமாக இரண்டு நாள் வேலை. முதல் குப்பியில் இருந்தது அதே பொருள், அந்த இடத்தில் முழு அலுமினியம், ஐயமே இல்லை. இம்முறை அலுமினாவை அவளே நிறுத்துப் போட்டிருக்கிறாள் என்று ஊகித்தான், ஊகத்தை எழுதவில்லை. இரண்டாவது வேறொரு பழைய பொருள், ஆர்வமூட்டாதது. மூன்றாவதுதான் அவனை நான்கு நாள் உட்காரவைத்தது. அந்த இடத்தில் எலக்ட்ரான்கள் பதினேழரைக்குக் கிட்டத்தட்ட வந்தன. அலுமினியத்துக்கு அதிகம், கோபால்ட்டுக்குக் குறைவு. இரண்டும் கலந்து அமர்ந்திருக்கலாம். கோபால்ட்டே மூன்றில் ஒரு பங்கு ஓட்டையோடு அமர்ந்திருக்கவும் கூடும். தூரம் இரண்டுக்கும் நடுவே நின்றது, எந்தப் பக்கமும் சாயாமல்.

முன்பென்றால் இந்த இடத்தில் குப்பியைப் பார்ப்பான். அங்கே எழுதியிருப்பது அவனை மெல்ல ஒரு பக்கம் தள்ளும், தள்ளுவதே தெரியாது. இப்போது பார்க்க ஒன்றுமில்லை. அவளுக்கு எது மகிழ்ச்சி தரும் என்று யோசித்துப் பார்த்தான், தெரியவில்லை. ஓட்டை உண்மையாகவே இருந்துவிட்டால் இழந்ததெல்லாம் திரும்பும் என்று ஒரு நினைப்பு வந்தது. அந்த நினைப்பு தன்னுடையது, அளவீட்டுடையது அல்ல என்று அறிய அவனுக்கு அரைநாள் பிடித்தது. படிகத்தை மீண்டும் பொருத்தி, மீண்டும் அளந்தான். அதே பதினேழரை.

ஏழாம் நாள் அவள் வந்தபோது ஒற்றைத் தாளைக் கொடுத்தான். அவள் நின்றபடியே படித்தாள். முதலாவதில் தலையசைப்பு. இரண்டாவதைத் தாண்டிப்போனாள். மூன்றாவதில் நின்றாள். கலப்பாக இருக்கலாம், ஓட்டையாகவும் இருக்கலாம். இந்த அளவீட்டைக் கொண்டு சொல்ல இயலாது. எனக்குத் தெரியவில்லை என்று அவன் எழுதியிருந்தான். ‘எனக்குத் தெரியவில்லை’ என்பதை ஆய்வறிக்கையில் எழுதும் வழக்கம் அந்த நிலையத்தில் யாருக்கும் கிடையாது.

அவள் அதை நெடுநேரம் பார்த்தாள்.

“நீ என்ன போட்டே?” என்று அவன் கேட்கவில்லை. அவளே சொன்னாள்.

“அந்த இடத்துல என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது. முதல் ரெண்டும் உன்னைச் சோதிக்க. மூணாவது எனக்கே புரியாமதான் கொண்டுவந்தேன்.”

சுவரோரம் கிடந்த மற்ற நாற்காலியை இழுத்து அவன் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். அறிக்கையை மடித்து ஓரமாக வைத்தாள்.

“கணக்கு வேண்டாம். புள்ளிகளைக் காட்டு. முதல் படத்துலயிருந்து.”

அவன் முதல் படத்தைத் திறந்தான். அவள் முன்னால் சாய்ந்து, மூக்கு திரையில் இடிக்கிற அளவுக்கு நெருங்கி, அந்த வெறும் புள்ளிகளைத் தானே பார்க்கத் தொடங்கினாள்.